ஒருவகைப் பறவை

சங்கப் பாடல்களுக்கான உரைகளைப் புரட்டுகையில் அடிக்கடி எதிர்ப்படும் தொடர் ஒன்றுண்டு: 'ஒருவகைப் பறவை'. அடுத்த பக்கத்தில் 'ஒருவகை மரம்'. அதற்கடுத்து 'ஒருவகை மீன்'. இத்தொடரை வகுப்பில் ஒப்பித்தே ஊதியம் பெற்றுவந்தவர்களில் நானும் ஒருவன். பல்லுயிர் வளத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதில் நாம் தோற்றதற்குக் காரணம் அறிவியல் ஆசிரியர்களை விடத் தமிழாசிரியர்களாகிய நாமே என்பது என் கட்சி.

சென்ற ஆண்டு முதலாண்டு மாணவர்களிடம் ஒரு தாளை எடுக்கச் சொன்னேன். பூவிருந்தவல்லி, குன்றத்தூர், செம்பரம்பாக்கம் வட்டாரப் பிள்ளைகள். அழிவின் விளிம்பிலுள்ள விலங்குகளை எழுதச் சொன்னபோது பனிக்கரடி, புலி, பாண்டா என்று தாள் நிறைந்தது. செம்பரம்பாக்கம் ஏரியில் பார்த்த பறவைகளை எழுதச் சொன்னபோது கொக்கு, நாரை, வாத்து என மூன்றோடு பேனா நின்றது. ஏரிக்கரை ஊரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி மட்டும் ஒன்பது பெயர்களை எழுதி, அவற்றில் ஒன்றை அடித்திருந்தாள். அடித்த பெயர் 'மடையான்'.

"ஏனம்மா அடித்தாய்?" என்றேன்.

"எங்க தாத்தா சொல்ற பேரு சார். நல்ல தமிழான்னு தெரியல."

வகுப்பு சிரித்தது. மடையன் என்று காதில் விழுந்திருக்கும். மதகோரத்தில் அசையாது நின்று, பறக்கும்போது மட்டும் வெண்சிறகு காட்டும் அந்தக் குருட்டுக்கொக்கைச் சிரித்தவர்களில் ஒருவராவது பார்க்காமல் இருந்திருக்க முடியாது. மடைத்தலையில் பெரிய மீனுக்காகக் காத்திருக்கும் கொக்கை ஔவையாரின் மூதுரையில் அவர்கள் மனப்பாடமும் செய்தவர்கள்தாம். 'அடக்கமுடைமை' என்று கருத்து எழுதி மதிப்பெண்ணும் வாங்கினார்கள். மடை எது, கொக்கு எது என்று எவரும் காட்டவில்லை. நாமும் காட்டவில்லை.

சட்டத்தில் குறையில்லை. சுற்றுச்சூழற் கல்வி கட்டாயமாக வேண்டும் என்று எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லிவிட்டது. 2003இல் எல்லா வகுப்புகளிலும் அதை நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. பாடம் வந்தது, தேர்வு வந்தது, 'பல்லுயிர் வளம் வரையறு' என்ற இரண்டு மதிப்பெண் வினாவும் வந்தது. மார்ச் 20 வந்தால் சிட்டுக்குருவிக்குச் சுவரொட்டி வரைகிறோம். சுவரொட்டி வரையும் பிள்ளையின் சன்னலுக்கு வெளியே கத்துவது என்ன பறவை என்று மட்டும் கேட்பதில்லை.

செம்பரம்பாக்கத்தைப் பற்றி நம் பிள்ளைகள் அறிந்தவை இரண்டு எண்கள்: ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் ஏரியின் பெயரைக் கேட்டாலே அடையாற்றங்கரையார்க்கு அச்சம். மழை பொய்த்தால் மாநகர் முழுவதற்கும் ஏக்கம். நிரம்பினால் ஆபத்து, வற்றினால் பஞ்சம் என்ற இரண்டு நிலைகளிலேயே ஏரி செய்தியாகிறது. ஆனால் மாசி, பங்குனியில் நீர் இறங்கி விளிம்பில் சேறு தெரியும்போதுதான் உள்ளான்களுக்கும் நாரைகளுக்கும் விருந்து. நாம் 'வற்றுகிறது' என்று புலம்பும் காலம் அவற்றுக்கு அறுவடைக் காலம். ஏரியைத் தொட்டியாக மட்டும் பார்க்கப் பழகிய தலைமுறை, அதன் விளிம்பை வெற்றுநிலம் என்றே கணக்கிடும். விளிம்பிலிருந்துதான் ஆக்கிரமிப்பு தொடங்குகிறது. போரூர் ஏரி சுருங்கியதை நாம் கண்ணால் கண்டோம்.

வேறு வழியும் இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேடந்தாங்கல் மக்கள், பறவைகளைச் சுடுவதைத் தடுக்க வேண்டும் என்று அன்றைய செங்கற்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்பு உரிமை பெற்றார்கள். அவர்கள் எந்தப் பாடநூலும் படித்தவர்கள் அல்லர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள். பறவையை அவர்கள் தம் வேளாண்மையின் ஒரு பகுதியாகக் கண்டார்கள், அதனால் காத்தார்கள். அன்பு செய்யச் சொல்லி யாரும் அவர்களுக்கு உபதேசிக்கவில்லை.

நிற்க. 'புலியையும் பனிக்கரடியையும் சொல்லித்தர வேண்டாமா?' என்று கேட்பார்கள். சொல்லித்தரட்டும். ஆனால் ஒருபோதும் காணாத விலங்கின்மேல் கொள்ளும் இரக்கத்துக்குச் செலவில்லை. எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. மதகோர மடையானைக் காக்க நினைத்தால், நம் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது, நாம் வாங்கும் மனை முன்பு என்னவாக இருந்தது என்று கேட்க நேரும். அந்தச் சங்கடத்தைத் தவிர்க்கவே பிள்ளைகளைத் துருவப் பகுதிக்கு அனுப்பிவிடுகிறோமோ என்று ஐயுறுகிறேன். 'ஏரிக்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போவது ஆபத்து' என்பது இன்னொரு மறுப்பு. நியாயமான அச்சம்தான். நீரில் இறங்க வேண்டியதில்லை. பெரியவர் இருவர் துணையோடு கரையில் அரைமணி நேரம் நின்றால் போதும். அதுவும் முடியாதெனில் பள்ளிக்குப் பக்கத்துக் குட்டை போதும்.

நம் பெருமைப் பேச்சுக்கு வருகிறேன். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைச் சொன்னார் என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஒரே மூச்சில் ஒப்பிக்கும் பிள்ளைக்குப் பரிசும் தருகிறோம். அப்பட்டியலில் ஆம்பலும் ஆவிரையும் உள்ளன. ஆம்பலைக் குளத்திலும், ஆவாரையாகிய ஆவிரையைத் தரிசிலும் இன்றும் காட்டலாம். இரண்டைக் காட்டிவிட்டுத் தொண்ணூற்றேழை ஒப்பிக்கச் சொன்னாலும் பொறுத்துக்கொள்வேன். அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் காட்டுயிர்களைப் பற்றித் தமிழில் எழுதிய கட்டுரைகளை நம்மில் எத்தனை பேர் வகுப்பில் வாசித்துக் காட்டியிருக்கிறோம்? திணை என்ற சொல்லை உலகுக்கே விளக்கத் துடிக்கும் நாம், நம் ஏரி எந்தத் திணைக்குரியது, அதன் கருப்பொருள்கள் இன்று எவை என்று பிள்ளைகளைக் கேட்டதில்லை. ஐந்திணை நமக்குத் தேர்வுக்கான அட்டவணையாகச் சுருங்கிவிட்டது.

பெயர் தெரியாத ஒன்று காணாமற்போனால் எவரும் தேடுவதில்லை. 'ஒருவகைப் பறவை' அழிந்தால் எந்தப் பிள்ளைக்கும் எதுவும் இழப்பாகத் தோன்றாது. மடையான் அழிந்தால் அந்த மாணவிக்குத் தெரியும். அவள் தாத்தாவுக்குத் தெரியும். அந்த அறிவைத்தான் நம் வகுப்பு சிரித்து விரட்டியது.

மறுநாள் அவள் தாளில் அடிக்கப்பட்ட பெயரை மீண்டும் எழுதிக் கொடுத்தேன். 'நல்ல தமிழ்' என்று பக்கத்தில் குறித்தேன். அதைப் பள்ளியிலேயே ஒரு தமிழாசிரியர் செய்திருக்க வேண்டும்.