காற் பெருவிரல் நோவு

மாலையில் நன்றாக நடந்து திரிந்தவர் நள்ளிரவிலே காற் பெருவிரல் தீப்பட்டதுபோல் எரிய விழித்தெழுகின்றார். விரலடி மூட்டுச் சிவந்து வீங்கியிருக்கின்றது. போர்வை படுவதையும் பொறுக்க முடியவில்லை. சுளுக்கென்று கருதி வீட்டார் எண்ணெய் பூசி உருவத் தொடங்குவர். அதை உடனே நிறுத்துதல் வேண்டும். இது கவுட் என்னும் கீல்வாதமாக இருக்கலாம். மூட்டு நோவு அனைத்தையும் வாதம் என்றே நாம் அழைத்துவிடுவதால் வந்த மயக்கம் இது.

குருதியில் யூரிக் அமிலம் மிகும்போது, உப்பளத்தில் நீர் செறிந்து உப்பு விளைவதுபோல, மூட்டினுள் ஊசி போன்ற நுண்படிகங்கள் விளைகின்றன. உடலிற் குளிர்ந்த பாகம் பாதமாதலின் பெரும்பாலும் அங்கேயே முதலில் தோன்றுகின்றன. 1683 இல் இந்நோயைப் பற்றி நூலெழுதிய ஆங்கில வைத்தியர் தோமஸ் சிடனம் தாமே இதனால் நெடுங்காலம் வருந்தியவர். குருதியில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை 1848 இல் அல்பிரட் காரொட் கண்டுகாட்டினார்.

காய்ச்சலோ நடுக்கமோ காலிற் புண்ணோ இருந்தாலும், நோயாளி நீரிழிவுடையவராயினும், அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. கிருமி புகுந்த மூட்டும் இவ்வாறே சிவந்து வீங்கும். அது சில நாள்களில் மூட்டையே அழித்துவிடும். நோவு மிக்க வேளையிற் குருதிப் பரிசோதனை சரியான அளவையே காட்டவுங் கூடும். ஆதலால் இரு வாரங்களின் பின் மீண்டும் பார்ப்பர். மூட்டு நீரை நுணுக்குக்காட்டியில் நோக்குவதே ஐயமற்ற சோதனை.

வைத்தியரைக் காணும்வரை காலைத் தலையணைமேல் உயர்த்தி, துணியிற் சுற்றிய பனிக்கட்டியை வைக்கலாம். சிறுநீரக நோயோ குடற்புண்ணோ உடையவர் நோவுக் குளிசைகளைத் தாமாக வாங்கி விழுங்கலாகாது.

பலர் பருப்பையும் பயறையும் விலக்கிவிட்டு, பியரையும் ஈரலையும் இறாலையும் இனிப்புச் சோடாவையும் விடாதிருக்கின்றனர். பருப்பின்மேற் பழி சுமத்துவது நியாயமன்று.

இந்நோயின் வஞ்சகம், ஓரிரு வாரங்களில் தானே தணிந்துவிடுவதுதான். நோவு போயிற்று, நோயும் போயிற்றென்று நம்பிவிடுகின்றோம். படிகங்களோ மூட்டில் இருந்தபடியே இருந்து, ஆண்டுகள் செல்ல எலும்பை அரிக்கின்றன. அடிக்கடி வருவோர்க்கு வைத்தியர் அலோபியூரினோல் கொடுத்து, யூரிக் அமிலத்தை 100 மில்லிலீற்றர் குருதிக்கு 6 மில்லிகிராமிற் குறைவாக வைத்திருப்பர். அதைத் தொடங்கிய முதற் சில மாதங்களில், பழைய படிகங்கள் கரையும்போது, நோவு திரும்பவும் எழக்கூடும். மருந்து பலிக்கவில்லையென்று பலர் கைவிடுவது அப்பொழுதுதான். நோவுக்கு வேறு மருந்து கேட்டு வாங்கலாம். அலோபியூரினோலை, வைத்தியர் சொன்னாலன்றி, நிறுத்தலாகாது.