எடைக்குப் போகும் மோட்டார்கள்

திருவண்ணாமலை வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகம் இருப்பதால் ஜெராக்ஸ் கடைகளுக்குக் குறைவில்லை. திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் மனுவோடு நிற்கும் கூட்டத்துக்காக ஓடி ஓடித் தேய்ந்த இயந்திரங்கள், ஒருநாள் பழைய இரும்புக்கடைக்குப் போகின்றன. அங்கே தகடு தனி, செம்பு தனி என்று பிரித்து எடை போடுகிறார்கள். அந்தச் செம்பில் ஒரு பங்கு, நல்ல நிலையில் இருந்த, அடி அடியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டாரின் சுருள். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

பூஜையறைக் கதவில் கொடி செதுக்கவும் அக்ரிலிக்கில் பெயர்ப்பலகை வெட்டவும் சொந்தமாக ஒரு சிஎன்சி (கணினி சொல்படி வெட்டும் இயந்திரம்) செய்துவிட வேண்டும் என்று துடிக்கும் ஐடிஐ, பாலிடெக்னிக் பிள்ளைகள் நம் ஊரில் உண்டு. சட்டத்தைப் பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்துவிடுகிறார்கள். அதை இயக்கும் ஜிஆர்பிஎல் மென்பொருள் இலவசம்; ஆர்டுயினோ யூனோ போர்டிலேயே ஓடும். மூன்று அச்சுக்கு மூன்று மோட்டார், ஒவ்வொன்றையும் ஓட்ட ஒரு டிரைவர் போர்டு, பவர் சப்ளை என்று வரும்போதுதான் கையைக் கடிக்கிறது. சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் எல்லாம் கிடைக்கும். ஆனால் அதற்கு முன் உள்ளூர் இரும்புக்கடையில் ஒரு நடை பார்த்துவிடுங்கள் என்பேன்.

எதைத் தேடுவது? பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில், தலையை இழுக்க ஒன்றும் தாளை நகர்த்த ஒன்றுமாக இரண்டு ஸ்டெப்பர் இருக்கும். பழைய ஜெராக்ஸில் இன்னும் பெரியவை கிடைக்கும். இப்போதைய இங்க்ஜெட்டில் பெரும்பாலும் சாதாரண டிசி மோட்டார்தான். அதற்குக் காசு கொடுக்காதீர்கள். இரண்டே கம்பி வந்தால் அது ஸ்டெப்பர் அல்ல. நான்கு கம்பி இருந்தால், இரண்டு இரண்டாக முனைகளைத் தொட வைத்துத் தண்டை விரலால் சுற்றிப் பாருங்கள். எந்த ஜோடியில் தண்டு சட்டென்று இறுகுகிறதோ, அது ஒரு சுருள். ஆறு கம்பி என்றால் மல்டிமீட்டரால் நடுக்கம்பிகளைக் கண்டுபிடித்து, அவற்றை ஒதுக்கிவிட்டு மற்ற நான்கைப் பயன்படுத்தலாம். ஐந்து கம்பி மோட்டார் டிபி6600 போன்ற டிரைவரோடு சேராது.

நெமா 17, நெமா 23 என்று கடையில் சொல்வது முகத்தகட்டின் அளவை மட்டும்தான்: 1.7 அங்குலம், 2.3 அங்குலம். பலம் அதில் தெரியாது. அதைக் கிலோ-சென்டிமீட்டர் கணக்கில் கேட்க வேண்டும். துல்லியத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். வழக்கமான ஸ்டெப்பர் ஓர் அடிக்கு 1.8 பாகை நகரும். 200 அடிக்கு ஒரு சுற்று. சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் திருகுதண்டில் கோத்தால் ஓர் அடிக்கு 0.025 மி.மீ. மரவேலைக்கு இது தாராளம்.

மேலும் கீழும் போகும் இசட் அச்சில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வெட்டும் பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் முழுப் பாரமும் அங்கே தொங்குகிறது. மோட்டார் அடி தவறினால் வெட்டு மரத்துக்குள் இறங்கி, பலகையும் பிட்டும் வீண். அதற்குப் புதிதாக ஒரு நெமா 23 வாங்குங்கள்; மற்ற இரண்டுக்குப் பழையது போதும். ஒரே அச்சை இரண்டு பக்கமும் இரண்டு மோட்டார் இழுக்கிறதென்றால் இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும். கரண்ட் ஓடும்போது மோட்டார் கம்பியைப் பிடுங்கக் கூடாது, டிரைவர் எரிந்துவிடும்.

வேங்கிக்கால் ஜெராக்ஸ் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய இயந்திரத்தை எடைக்குப் போடும் முன், பக்கத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். ஸ்க்ரூ டிரைவரோடு வந்து மோட்டாரை மட்டும் கழற்றிக்கொள்ளட்டும். எடையில் உங்களுக்குக் குறைவதை அவர்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள்.