பட்டினியை ரசிப்பவர்கள்

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு மாலை காஃப்காவின் 'பட்டினிக் கலைஞன்' குறித்துப் பேசிக்கொண்டிருந்தோம். 1922-இல் வெளியான அக்கதையில் உண்ணாதிருப்பதையே கலையாகக் கொண்ட ஒருவன் கூண்டுக்குள் கிடந்து அழிகிறான். படிமம் என்றோம், குறியீடு என்றோம், கலைஞனின் தனிமை என்றோம். அதே கூடத்தில், தட்டிலிருந்த வடையைப் பிய்த்துப் பிய்த்து ஒதுக்கியபடி, ஒரு வாய்கூட உண்ணாமல் ஒரு தோழி அமர்ந்திருந்தார். 'நல்ல மனக்கட்டுப்பாடு' என்று அவரைப் பாராட்டினோம். ஓராண்டு கழித்து அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோதுதான் எங்கள் வாசிப்பின் லட்சணம் எங்களுக்கு விளங்கியது.

உளச்சிகிச்சை வேண்டுமென்று அவர் வாய்விட்டுக் கேட்டார். 'என் பெண்ணுக்கென்ன பைத்தியமா?' என்றார் அம்மா. 'வேளாவேளைக்குச் சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்றனர் உறவினர். 'இதெல்லாம் மேல்நாட்டு வியாதி, விளம்பரங்கள் செய்த வினை' என்றார் எங்கள் வட்டத்து மூத்த அன்பர் ஒருவர். இம்மூன்று வாதங்களோடும் எங்களுக்குத் தகராறு உண்டு.

1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 ஆண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார். உடலும் உள்ளமும் நலமாயிருந்தவர்கள் அவர்கள். ஆறு மாத அரைப்பட்டினியில் அவர்களுக்கு எந்நேரமும் உணவே சிந்தனையாயிற்று. சோர்வும் எரிச்சலும் மண்டின. பட்டினியே மனத்தைச் சிதைக்கும் என்பது இதன் பாடம். ஆகவே உடலை மீட்பது சிகிச்சையின் முதற்படி. அதுவே முழுச் சிகிச்சையன்று. உண்பதற்கு அஞ்சுவதே நோயாக இருக்கும் ஒருவரிடம் 'சாப்பிடு' என்று மட்டும் சொல்வது, கால் முறிந்தவனை 'நட' என்று அதட்டுவதற்கு ஒப்பானது.

அடுத்து, மேல்நாட்டு வியாதி. லண்டன் மருத்துவர் வில்லியம் கல் இதற்கு 'அனோரெக்சியா நெர்வோசா' என்று பெயரிட்டது 1870-களில். திரைப்படமும் தொலைக்காட்சியும் அன்று பிறக்கவேயில்லை. நாமோ பாதாதிகேசம், கேசாதிபாதம் என்று உடலை உறுப்பு உறுப்பாக அளந்து பாடுவதற்கே சிற்றிலக்கிய வகைகள் கண்டவர்கள். நூலிடை, கொடியிடை என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவர்கள். நோய்க்குக் கவிதைதான் காரணம் என்று சொல்லும் அசட்டுத்தனம் எங்களுக்கில்லை. ஆனால் பெண் பார்க்கும் கூடத்தில் 'கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாளே' என்று முணுமுணுப்பவர்களும், பருத்த உடலை நகைச்சுவைக் காட்சியாக்கிச் சிரிப்பவர்களும் நம்மவர்களே. பழியை மேற்கின் தலையில் கட்டிவிட்டு நாம் கைகழுவ முடியாது.

இதில் இன்னொரு மயக்கமும் உண்டு: எலும்பும் தோலுமானால்தான் நோய் என்பது. அளவின்றி உண்டு, பின் வாந்தியெடுக்கும் 'புலிமியா'வை ஜெரால்ட் ரஸல் 1979-இல் விவரித்தார். அந்நோயாளிகளின் எடை பெரும்பாலும் இயல்பாகவே தோன்றும். ஆயினும் தொடர் வாந்தியால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். உடல் மெலியட்டும் என்று காத்திருப்பது ஆபத்து. இது ஆண்களையும் விடுவதில்லை.

வழிகள் இல்லாமலில்லை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பவழிச் சிகிச்சை, பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் துணைவர்களாக்குகிறது. வளர்ந்தவர்களுக்கு அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி-மனாஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். சிகிச்சை கேட்பவரைப் பைத்தியம் என்பதுதான் மடமை.

1924-இல் காஃப்கா, தொண்டையைத் தாக்கிய காசநோயால் உணவை விழுங்க இயலாமல் கிடந்தபடியே 'பட்டினிக் கலைஞன்' தொகுப்பின் அச்சுப்படிகளைத் திருத்தினார். அப்பட்டினி அவருக்குப் படிமமாக இருக்கவில்லை. எங்கள் தோழிக்கும் இருக்கவில்லை. படிமங்களைக் கண்டுபிடிக்கத் தெரிந்த நமக்கு, பக்கத்தில் பசித்திருப்பவரைக் கண்டுகொள்ளத் தெரியவில்லையெனில், அன்பர்களே, நாம் வாசித்ததுதான் என்ன?