அவசரமில்லாத ஒரு ஞாயிறு மாலை



சென்ற மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து மதிய உணவு உண்டபின் குடும்பமாகப் புதுச்சேரிக்குப் போயிருந்தோம். செஞ்சியிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர்; உங்களில் பலருக்கும் பழகிய வழிதான். இன்னது வாங்கவேண்டும் என்று எந்தத் திட்டமும் இல்லை. ஞாயிறுதோறும் மகாத்மா காந்தி சாலையின் ஓரங்களில் கூடும் சண்டே மார்க்கெட்டில் நடந்தோம். பொழுது சாய்ந்ததும் கடற்கரைச் சாலையில் காற்று வாங்கினோம். இதை வீண் என்று கருதுவோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. வாரமெல்லாம் உழைத்தவர் தம் வீட்டாரோடு அவசரமின்றி நடப்பதில் என்ன குற்றம்? (போதகர் கடைவீதியில் திரிந்ததை யாரேனும் கண்டிருந்தால், ஆம், நான்தான்.)

என்னை உறுத்துவது வேறு. நடைபாதையில் ஒரு மூதாட்டி செருப்பு விற்றுக்கொண்டிருந்தார். 250 ரூபாய் என்றார். நான் 120 என்றேன். செருப்பின் வாரைப் பிடித்து இழுத்துப் பார்த்து, ‘இது ஒரு மாதம் தாங்காது’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். ஒரு சுற்றுச் சுற்றிவந்து மறுபடியும் கேட்டேன். விளக்கு வைத்தபின் மூன்றாம் முறை போனபோது 130க்குக் கொடுத்துவிட்டார். வரும் வழியெல்லாம் அதைப் பெருமையாகப் பேசிக்கொண்டு வந்தேன். என் மனைவி, “நீங்க போன மூணு தடவையும் அந்தம்மா எழுந்து நின்னுதான் பேசினாங்க, கவனிச்சீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

வாங்கும்போது பொருளை இழித்துரைத்து, அப்பால் போய்த் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்பவனைப் பற்றி நீதிமொழிகள் 20ஆம் அதிகாரம் பேசுகிறது. அதன்மேல் நான் பிரசங்கித்தும் இருக்கிறேன்!

பேரம் பேசுவதே தவறென்று நான் சொல்லவரவில்லை. நம்மூர் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தையைப் பாருங்கள். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஆட்டின் தரம் தெரியும். வேளையோடு முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் அவசரமும் இருவருக்கும் உண்டு. விலை ஒவ்வாவிட்டால் விற்பவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விடலாம். அங்கே சமமானவர்கள் பேசுகிறார்கள். அந்த ஞாயிறு மாலையிலோ எனக்கு நேரம் இலவசம். அவருக்கோ மூட்டை கட்டும் வேளை நெருங்கிக்கொண்டிருந்தது. என் ஓய்வையே அவருக்கு எதிராக நான் பயன்படுத்தினேன். அதே மாலையில் நேரு வீதியில் ஒரு குளிரூட்டப்பட்ட கடையில், என் மகனுக்கு எடுத்த சட்டைக்கு, சீட்டில் ஒட்டியிருந்த விலையை வாய் திறவாமல் கொடுத்தேன்.

“அவர்களும் விலையை ஏற்றித்தானே சொல்கிறார்கள்?” என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். நாம் பாதிக்குக் கேட்போம் என்று அறிந்தே ஏற்றிச் சொல்கிறார்கள். ஒருமுறை குறைத்துக் கேளுங்கள். ஒத்துவந்தால் வாங்குங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள். பொழுது போகவில்லை என்பதற்காக ஒருவருடைய பிழைப்பைச் சுற்றிச் சுற்றி வராதீர்கள்.

அன்று கடற்கரையில் காந்தி சிலையின் அருகே நெடுநேரம் நின்றேன். அதைச் சூழ்ந்து நிற்கும் கருங்கல் தூண்கள் நம் செஞ்சியிலிருந்து கொண்டுபோகப்பட்டவை. இப்போது உலகம் செஞ்சிக்கே வரத் தொடங்கியிருக்கிறது. 2025 ஜூலையில் மராட்டியரின் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது நம் கோட்டை ஒன்றே. அவசரமில்லாமல் ஊர் சுற்ற வருகிறவர்களிடம் கோட்டை அடிவாரத்தில் வெள்ளரியும் நுங்கும் விற்பவர்களில் நம் சபையாரும் உண்டு.

அவர்களில் ஒரு சகோதரி சென்ற வாரம் என்னிடம் வருந்தினார். காரிலிருந்து இறங்காமலேயே ஒருவர் கால்மணி நேரம் விலை பேசிவிட்டு, ஒன்றும் வாங்காமல் சிரித்துக்கொண்டே போய்விட்டாராம். நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். செருப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. இப்போது அவரும் இதைப் படிப்பார்.