நாற்பது ரன் கொடுத்த பையனைத் திட்டாதீர்கள்

நாலு ஓவரில் நாற்பது ரன் கொடுத்துவிட்டான் என்று மகனைக் கடிந்துகொள்ளும் அப்பாக்களைச் சேலையூர், மாடம்பாக்கம் பக்கத்து மைதானங்களில் வாராவாரம் பார்க்கிறேன். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். எதிரணி மொத்தம் எவ்வளவு அடித்தது? 20 ஓவரில் 220 என்றால் ஓவருக்கு 11. உங்கள் பையன் கொடுத்தது 10. அன்றைக்கு அணியைத் தாங்கிப் பிடித்தவர்களில் அவனும் ஒருவன்.

சென்னை லீக்கின் கீழ் டிவிஷன்களில் பல வருடம் ஆஃப் ஸ்பின் போட்டவன் நான். இப்போது தாம்பரம் சுற்றுவட்டாரப் பையன்களுக்குப் பௌலிங் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் காலத்தில் ஓவருக்கு நாலு ரன்னைத் தாண்டினால் கேப்டன் பேசாமல் பந்தை வாங்கி வேறொருவனிடம் கொடுத்துவிடுவார். 1983 உலகக் கோப்பை இறுதியில் கபில்தேவ் அணி 60 ஓவர் ஆட்டத்தில் 183 ரன்னை வைத்துக்கொண்டு ஜெயித்ததைக் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அந்தக் கணக்கை வைத்து இன்றைய பையனை அளப்பது அநியாயம்.

2013-இல் கெயில் 175 அடித்த ஆட்டத்தில் பெங்களூரு எடுத்த 263, ஐபிஎல்லில் 11 வருடம் யாரும் தொடாத உச்சமாக இருந்தது. 2024 மார்ச் 27 அன்று ஹைதராபாத் 277 எடுத்து அதை உடைத்தது. மூன்று வாரத்துக்குள் அதே அணி 287 எடுத்தது. அடுத்த வாரம் கொல்கத்தாவின் 261 ரன்னைப் பஞ்சாப் எட்டு பந்து மிச்சம் வைத்துத் துரத்திப் பிடித்தது. இம்பாக்ட் பிளேயர் விதியால் கூடுதலாக ஒரு பேட்ஸ்மேன் காத்திருக்கிறார். அதனால் முதல் பந்திலேயே தூக்கி அடிக்க யாருக்கும் பயமில்லை. மட்டையின் விளிம்பு 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2017-இல் விதி வந்தது. அந்த 40-க்குள் இருக்கும் மட்டையில் விளிம்பில் பட்ட பந்துகூட சிக்ஸருக்குப் போகிறது.

இந்த வெள்ளத்தின் நடுவில் ஹைதராபாத்துக்காக ஆடிய சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் என்ன செய்தார் என்று பாருங்கள். 2024 ஏப்ரல் 20, டெல்லி. ஹைதராபாத் முதல் ஆறு ஓவரில் விக்கெட் இழக்காமல் 125 ரன் குவித்த ஆட்டம் அது. ஹைதராபாத் 266, டெல்லி 199. இரண்டு அணியும் சேர்ந்து ஓவருக்குக் கிட்டத்தட்ட 12 ரன் அடித்த அந்த இரவில், நடராஜனின் நாலு ஓவரில் போனது 19 ரன், விழுந்தது 4 விக்கெட். அந்த ஆட்டத்தின் வேகத்தில் அவருடைய நாலு ஓவருக்கு 47 போயிருக்க வேண்டும். அவர் மிச்சம் பிடித்த 28 ரன்னை ஒரு பேட்ஸ்மேன் அடித்திருந்தால் ஊரே பேசியிருக்கும்.

ஆகவே பௌலரை அளக்கும் கோல் மாற வேண்டும். எத்தனை ரன் கொடுத்தான் என்பதோடு நிறுத்தாமல், அந்த ஆட்டத்தின் சராசரிக்கு எத்தனை ரன் குறைவாகக் கொடுத்தான் என்று பாருங்கள். எத்தனை டாட் பால், எந்த ஓவரில், யாருக்கு எதிராக என்று பாருங்கள். 2024 ஜூன் 29, பார்படாஸில் நடந்த டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் தேவைப்பட்ட இடத்தில் பும்ரா வந்தார். 16-வது ஓவரில் 4 ரன். 18-வது ஓவரில் 2 ரன், ஒரு விக்கெட். உலகக் கோப்பை நம் கைக்கு வந்ததற்கு அந்த 12 பந்துதான் முக்கியக் காரணம் என்பேன்.

எவ்வளவு போனாலும் பரவாயில்லை என்று நான் சொல்லவரவில்லை. அப்படி நினைக்கும் மனப்போக்குதான் எனக்கு இன்னும் பெரிய கவலை. "இந்தக் காலத்தில் ஐம்பது போவது சகஜம் சார்" என்று பதினாறு வயதுப் பையன் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது. அதே 2024 ஐபிஎல்லின் இறுதி ஆட்டம் நம் சேப்பாக்கத்தில் நடந்தது. அந்த சீசனில் மூன்று முறை 250-க்கு மேல் அடித்துத்தள்ளிய ஹைதராபாத், ஸ்டார்க்கும் ரஸ்ஸலும் போட்ட பந்தில் 113 ரன்னுக்குச் சுருண்டது. நல்ல பந்து போட்டால் எந்த பேட்டிங்கும் தடுமாறும்.

அன்று கோப்பை வாங்கிய கொல்கத்தா அணியில் வருண் சக்கரவர்த்தி இருந்தார். நம் தாம்பரத்திலிருந்து ரயிலேறினால் சீக்கிரம் போய்விடக்கூடிய காட்டாங்குளத்தூர் எஸ்ஆர்எம்மில் ஆர்க்கிடெக்சர் படித்தவர் அவர். டென்னிஸ் பாலில் ஆடி, வேகப்பந்து போட்டு முழங்காலில் அடிபட்டு, பிறகு ஸ்பின்னுக்கு வந்து நான்காம் டிவிஷனில் ஆடியவர். 2024 ஐபிஎல்லில் 21 விக்கெட். ஓவருக்கு எட்டு ரன் கொடுத்தார், யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ரன்னைக் கட்டிப்போட விக்கெட் எடுப்பதுதான் வழி என்று அவர் காட்டினார். 2011 ஐபிஎல் இறுதி ஆட்டத்தில் சேப்பாக்கத்தில் முதல் ஓவரிலேயே அஸ்வின் கெயிலை டக் அவுட் ஆக்கியபோதும் இதையேதான் பார்த்தோம்.

இப்படிப்பட்ட பௌலர்கள் இனி நம் பக்கத்திலிருந்து வருவார்களா? மேடவாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி, பழைய மகாபலிபுரம் சாலை என்று எங்கு பார்த்தாலும் வலைபோட்ட டர்ஃப். மணிக்கணக்கில் வாடகை, ராத்திரி விளக்கு, ஆபீஸ் முடிந்து வரும் கூட்டம். இளைஞர்கள் ஆடுவதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அங்கே பௌலர் ஓடிவர இடமில்லை. பின்னால் ஃபீல்டர் நின்று கேட்ச் பிடிக்கவும் இடமில்லை. தூக்கி அடித்த பந்து வலையில் பட்டால் ரன். ஏமாற்றிப் போட்ட ஸ்லோயர் பந்துக்கும் கூலி கிடையாது. வாடகையில் பங்கு கொடுத்தவன் பேட் பிடிக்கத்தான் கேட்கிறான், பந்து போடச் சொன்னால் முகம் சுளிக்கிறான்.

குரோம்பேட்டைத் தெருக்களில் நாங்கள் ஆடிய காலத்தில் ஒரு சட்டம் இருந்தது. பந்து நேராக வீட்டு காம்பவுண்டுக்குள் விழுந்தால் அவுட். கண்ணாடி உடையக் கூடாது, பந்து தொலையக் கூடாது என்பதற்காக வந்த சட்டம் அது. ஆனால் அது பேட்ஸ்மேனுக்கு யோசனையைக் கொடுத்தது, பௌலருக்கு நம்பிக்கையைக் கொடுத்தது. ஆசைகாட்டி மெதுவாகப் போட்டால் தூக்கி அடித்து மாட்டுவான். ஃப்ளைட் என்றால் என்ன என்று நான் கற்றது அங்கேதான். டர்ஃப் நடத்துபவர்கள் மேல் வலையில் நேராகப் பட்டால் அவுட் என்று ஒரு விதி வைக்கட்டும். செலவே இல்லை.

முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கம் டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடத்தும் தம்பிகளிடமும் எனக்குக் கோரிக்கை உண்டு. தொடர்ந்து சிக்ஸர் அடிப்பவனுக்கு ரொக்கம் அறிவிக்கிறீர்கள், நல்லது. அதே தொகையை, ரன்னே கொடுக்காத ஓவர் போட்டவனுக்கும் அறிவியுங்கள். ஆறு ஓவர் ஆட்டத்தில் ஒரு மெய்டன், எதிரணியின் ஆட்டத்தில் ஆறில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. ஸ்கோர் நோட்டில் ஒவ்வொரு பௌலரின் பெயருக்குப் பக்கத்திலும் டாட் பாலுக்கு ஒரு கட்டம் போடுங்கள். ஆட்டம் முடிந்ததும் மைக்கில் அந்த எண்ணையும் சொல்லுங்கள், அப்பாக்களுக்குக் கேட்கும்படியாக.