பாழ் வீட்டு வெளிச்சம்: பேயா? கடவுளா? புழுதியா?

திருவானைக்காவல் என்று சொன்னவுடன் நமது ஜனங்களுக்கு என்ன ஞாபகம் வருகின்றது? தண்ணீருக்குள் இருக்கும் லிங்கம் ஞாபகம் வருகின்றது. அந்த லிங்கத்தின் மீது வெயிலும் சருகும் படாமல் ஒரு சிலந்தி வலை கட்டியதாகவும், அதை யானை பிய்த்தெறிந்ததாகவும், சிலந்தி யானையின் துதிக்கைக்குள் புகுந்து கடித்ததாகவும், இரண்டும் செத்து, செத்த சிலந்தி கோச்செங்கட் சோழனாய் மறு ஜென்மம் எடுத்ததாகவும் கட்டி வைத்த கதை ஞாபகம் வருகின்றது. மதில் கட்டிய கூலியாட்களுக்குச் சிவன் சாம்பலைக் கூலியாய் அளந்து கொடுத்தார், அது அவரவர் உழைப்புக்குத் தக்கபடி பொன்னாய் மாறிற்று என்ற கதையும், அதனால் அந்த மதிலுக்குத் திருநீற்றான் மதில் என்று பெயர் வந்த சங்கதியும் ஞாபகம் வருகின்றது. கூலி கேட்டவன் கையில் சாம்பலைப் போட்டு அனுப்ப நினைக்கும் எஜமானர்களுக்கு இதைவிட உபயோகமான புராணம் வேறு கிடைக்குமா?

ஆனால் இதே திருவானைக்காவலில் 1888-ம் வருஷம் நவம்பர் மாதம் 7-ந் தேதி பிறந்த சி. வி. ராமன் என்பவர், வெளிச்சம் ஒரு பொருளின் மேல் பட்டுச் சிதறும்போது என்ன ஆகின்றது என்று ஆராய்ந்து, 1930-ல் நோபல் பரிசு வாங்கினார் என்ற சங்கதி எத்தனை பேருக்கு ஞாபகம் வருகின்றது? அவர் என்ன ஜாதியில் பிறந்தார் என்பது இங்கே கேள்வியல்ல. வெளிச்சத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக் கொள்ளாமல், இது ஏன் இப்படி இருக்கின்றது என்று கேட்டாரா இல்லையா என்பதே கேள்வி.

இதை இப்போது சொல்ல வேண்டிய அவசியம் என்னவென்றால், இந்நாளில் வாலிபர்கள் பலர் காமிராவையும் செல்போனையும் எடுத்துக் கொண்டு பாழடைந்த கட்டிடங்களுக்குள் போய் அங்கே விழும் வெளிச்சத்தைப் படம் பிடிக்கின்றார்கள். ஓடு சரிந்த அரிசி மில், கதவு பெயர்ந்த பங்களா, கூரையில்லாத சத்திரம், பூட்டியபடியே கிடக்கும் பழைய வீடு ஆகியவை எந்த ஊரிலும் ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்கின்றன. இருட்டில் ஓட்டை வழியே ஒரு கதிர் சாய்ந்து விழுவது அழகான காட்சிதான். அதைப் படமெடுப்பதை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. படம் எடுத்த பிறகு நடக்கின்ற காரியத்தைத்தான் கண்டிக்க வருகின்றோம். அந்தப் படம் நாலு கை மாறுவதற்குள் ஒருவன் ‘ஆவி’ என்கிறான். மற்றொருவன் ‘தூக்குப் போட்டுக் கொண்டவளின் ஆத்மா’ என்கிறான். மூன்றாமவன் ‘ஜோதி சொரூபம்’ என்று சொல்லிக் கற்பூரம் வாங்கப் புறப்பட்டு விடுகிறான். படம் எடுத்தவனோ, தன் படம் பரவுகின்றதே என்ற சந்தோஷத்தில் வாயை மூடிக் கொண்டிருக்கிறான். அந்த மௌனத்துக்கு என்ன சமாதானம் என்றுதான் கேட்கின்றோம்.

முதலில் அந்தக் கதிரையே எடுத்துக் கொள்வோம். வெளிச்சம் நம் கண்ணுக்கு வந்தால்தான் தெரியுமே தவிர, நமக்குக் குறுக்கே போகின்ற வெளிச்சம் தானாகத் தெரியாது. பாழ் வீட்டில் தெரிவது வெளிச்சம் பட்ட புழுதி. 1869-ம் வருஷத்தை ஒட்டி ஜான் டிண்டால் என்ற விஞ்ஞானி இதைச் சோதித்தார். ஒரு பெட்டியின் உட்புறத்தில் கிளிசரின் தடவி, உள்ளே இருந்த தூசியெல்லாம் படிந்து ஒட்டிக் கொள்ளும்படி விட்டு, பிறகு அதற்குள் ஒளிக்கதிரைச் செலுத்தினார். பெட்டிக்கு வெளியே தெரிந்த கதிர் பெட்டிக்குள் தெரியவில்லை. அங்கே ஒரே இருட்டு! ஆகவே, பாழ் வீட்டு ‘ஜோதி சொரூப’த்தை ஒழிப்பதற்கு மந்திரவாதி வேண்டியதில்லை, விளக்குமாறும் ஒரு வாளித் தண்ணீரும் போதும்.

ராமன் பிடித்துக் கொண்டதும் இந்த வெளிச்சச் சிதறலைத்தான். 1921-ல் கப்பலில் வரும்போது கடல் ஏன் நீலமாய் இருக்கின்றது என்று கேட்டார். ஆகாயத்தின் நிழல் என்று பெரியவர்கள் சொன்ன பதில் அவருக்குப் போதவில்லை. புழுதியில் பட்டுச் சிதறும் வெளிச்சம் தன் நிறத் தன்மை மாறாமல் சிதறுகின்றது. ஆனால் பொருளின் அணுத்திரளில் பட்டுச் சிதறும் வெளிச்சத்தில் மிகச் சிறு பாகம் நிறத் தன்மை மாறியே வெளிவருகின்றது என்பதை, கல்கத்தாவில், கே. எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து வேலை செய்து, 1928-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி கண்டார். அந்தத் தேதியைத்தான் தேசிய விஞ்ஞான தினம் என்று வருஷா வருஷம் கொண்டாடுகிறோம். கொண்டாடிவிட்டு மறுநாளே பாழ் பங்களாவுக்கு எலுமிச்சம்பழம் கொண்டு போகிறோம்!

அடுத்தபடியாக, படத்தில் விழும் உருண்டைகள். இருட்டில் பளிச்சிடும் விளக்கைப் போட்டு எடுத்த படத்தில் வெள்ளை வெள்ளையாய் உருண்டைகள் மிதக்கின்றன, அவைதாம் ஆத்மாக்களாம். இதைப் பரீட்சை செய்ய மயானத்துக்குப் போக வேண்டாம். வீட்டிலேயே பழைய தலையணை ஒன்றை நாலு தட்டுத் தட்டி, விளக்குப் போட்டு ஒரு படமும், போடாமல் ஒரு படமும் எடுத்துப் பாருங்கள். முதல் படத்தில் ‘ஆத்மாக்கள்’ வந்திருப்பார்கள். இரண்டாவதில் ஓடிப் போயிருப்பார்கள். கண்ணாடிக்கு மிக அருகில் பறக்கும் தூசியின் மேல் விளக்கு வெளிச்சம் பட்டுத் திரும்பி, கூர்மையில்லாமல் பெரிதாய் விழுவதே அந்த உருண்டை. தலையணைக்குள் எத்தனை முன்னோர்கள் குடியிருக்கிறார்கள் என்பதை ஆவிக் கட்சிக்காரர்கள்தாம் எண்ணிச் சொல்ல வேண்டும்.

உடல் ஊடுருவித் தெரியும் மனித உருவமும் இப்படிப்பட்டதே. இருட்டான இடத்தில் படமெடுக்கக் காமிராவின் கண்ணைப் பல விநாடி திறந்து வைக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒருவன் சிறிது நேரம் நின்றுவிட்டு நகர்ந்தால், அவனும் பாதி விழுவான், அவனுக்குப் பின்னால் உள்ள சுவரும் விழும். இதை டேவிட் புரூஸ்டர் என்பவர் 1856-லேயே புத்தகத்தில் எழுதி, வேடிக்கையாகப் பேய்ப் படம் செய்யும் வழியையும் சொல்லிக் கொடுத்தார். வேடிக்கை சீக்கிரத்தில் வியாபாரமாயிற்று. அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தத்தில் லட்சக்கணக்கானவர்கள் மடிந்து தாய்மார்கள் புலம்பிக் கொண்டிருந்த காலத்தில், மம்லர் என்பவர், செத்தவர்களின் ஆவியோடு படம் எடுத்துத் தருவதாகச் சொல்லிக் காசு பறித்தார். அவருடைய ‘ஆவி’களில் உயிரோடிருந்த ஆட்களையும் ஜனங்கள் அடையாளம் கண்டார்கள். 1869-ல் நியூயார்க் கோர்ட்டில் வழக்கு நடந்தது. ருசு போதாதென்று தப்பித்துக் கொண்டார். இங்கிலாந்தில் ஹோப் என்பவருக்கு 1922-ல் ரகசிய அடையாளம் போட்ட தகடுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆவி விழுந்து வந்த தகட்டில் அடையாளம் மட்டும் இல்லை! தகட்டையே மாற்றியிருக்கிறார் என்று தெரிந்த பிறகும், துப்பறியும் கதை எழுதிப் புகழ் பெற்ற கானன் டாயில் அவருக்குப் பரிந்து பேசினார். படித்தவன் ஏமாற மாட்டான் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். துக்கத்தில் இருப்பவனிடம் துக்கத்தை விலைக்கு விற்பதைவிட ஈனமான தொழில் வேறு உண்டா?

இனிக் கடவுள் கட்சிக்கு வருவோம். பாழ் வீட்டுக் கூரையில் ஓட்டை முக்கோணமாயிருந்தாலும் சதுரமாயிருந்தாலும், அது சிறியதாயிருந்தால் தரையில் விழும் வெளிச்சம் வட்டமாகவே விழுகின்றது. ஏனெனில் அது ஓட்டையின் உருவம் அல்ல, சூரியனின் உருவம். 2019-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி கிரகணத்தின்போது திருச்சியில் சூரியன் வளையமாய்த் தெரிந்த சில நிமிஷங்களில், இப்படி விழுந்த வட்டங்களும் வளையங்களாகவே விழுந்திருக்கும். ராகு கேதுவைக் காரணம் காட்டிக் கதவைச் சாத்திக் கொண்டவர்கள் இந்தக் காட்சியை இழந்ததுதான் மிச்சம். ஏறக்குறைய ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே இப்னுல் ஹைதம் என்ற அரபு அறிஞர் சிறு துவாரம் வழியாகக் கிரகணத்தின் உருவம் விழுவதை ஆராய்ந்து எழுதி வைத்தார்.

ஹம்பியில் விருபாட்சர் கோயிலில் ஓர் இருட்டறைச் சுவரில் கோபுரம் தலைகீழாய் விழுவதை அதிசயம் என்று காட்டுகிறார்கள். 1987-ல் கட்டி முடித்த 236 அடி உயரமுள்ள ஸ்ரீரங்கம் ராஜகோபுரமானாலும் சரி, எதிரே ஓர் அறையை இருட்டாக்கி ஒரு சிறு துவாரம் மட்டும் விட்டால் தலைகீழாய்த்தான் விழும். கோபுரத்துக்கென்று வெளிச்சம் தனி மரியாதை காட்டுவதில்லை. காமிரா என்ற சொல்லுக்கே லத்தீன் பாஷையில் அறை என்றுதான் அர்த்தம். ஆகவே பாழ் வீட்டுக்குள் காமிராவோடு போகும் தோழர், ஒரு பெரிய காமிராவுக்குள் சிறிய காமிராவோடு போகிறார் என்பதே உண்மை.

கும்பகோணம் நாகேஸ்வரர் கோயிலில் சித்திரை மாதம் 11, 12, 13 தேதிகளில் சூரிய வெளிச்சம் லிங்கத்தின் மேல் படுகின்றது; இது சூரியன் செய்யும் பூஜை என்கிறார்கள். சூரியன் உதிக்கும் இடம் ஆறு மாதம் வடக்கே நகர்ந்து ஆறு மாதம் தெற்கே திரும்புகின்றது. ஆதலால் சித்திரையில் எந்த இடத்தில் உதித்தானோ அதே இடத்தில் ஆவணி பிறந்த ஒன்றிரண்டு நாளிலும் உதித்தாக வேண்டும். வாசலை அப்படிப் பார்த்து வைத்த கொத்தனுக்கும் கணக்கனுக்கும் நாம் மரியாதை செய்யத் தயார். ஆனால் ஆவணியில் வரும் சூரியன் பக்தனில்லையா என்று கேட்கின்றோம். பாழடைந்த மில்லுக்குள்ளும் வருஷத்தில் இரண்டு தடவை அதே வெளிச்சம் அதே துருப்பிடித்த யந்திரத்தின் மேல் விழுகின்றதே, அது யந்திர பூஜையா?

இன்னொரு வேடிக்கை. கோயில்களில் செல்போன் கூடாதென்று 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்டிருக்கின்றது, புனிதம் கெடுகின்றதாம். கடவுளோ காமிராவைக் கண்டால் கெடுகிறார். பேயோ காமிராவைக் கண்டால்தான் வருகின்றது! இரண்டும் கைகோர்த்துக் கொண்டு மனிதனுடைய கண்ணைக் கட்டுகின்றன.

நிற்க. இதெல்லாம் வெறும் வேடிக்கை, பேய்க் கதையால் யாருக்கு என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கலாம். நஷ்டம் பெரிது. பேய்க்குப் பயப்படுகிறவன் சுவருக்குப் பயப்படுவதில்லை. பாழடைந்த கட்டிடத்தில் நிஜமாய்ப் பயப்பட வேண்டியவை இற்றுப்போன உத்தரம், கைப்பிடிச் சுவரில்லாத கிணறு, பாம்பு, வெடித்த மதில் ஆகியவையே. 2021-ம் வருஷம் டிசம்பர் 17-ந் தேதி திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கழிவறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் மாண்டார்கள். பேயா தள்ளிற்று? விதியா தள்ளிற்று? அந்தப் பிள்ளைகள் போன பிறகு, பழுதான பள்ளிக் கட்டிடங்களைக் கண்டு இடிக்கும்படி தமிழ்நாடு சர்க்கார் உத்தரவிட்டது. சுவர் விழுந்தால் சொந்தக்காரனும் அதிகாரியும் பதில் சொல்ல வேண்டும். பேய் அடித்தது என்றால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பேய்க் கதை யாருக்கு லாபம் என்பது இப்போதாவது விளங்குகின்றதா?

படம் எடுப்பதிலும் யோக்கியமான வழி உண்டு. லின்னியஸ் டிரைப் என்ற பட்டாளத்துக் காப்டன், சென்னை ராஜதானி சர்க்காரின் படம் பிடிப்பவராயிருந்து, திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை ஆகிய ஊர்களை எடுத்த படங்கள் 1858-ல் புத்தகங்களாய் வெளிவந்தன. மதுரையில் பாழடைந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலையும் எடுத்தார். அந்த மகாலின் பெரும் பாகத்தைச் சொக்கநாத நாயக்கர் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டு வந்தார் என்று சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். ராஜாவின் ஆடம்பரம் பாழாக்கிய இடத்துக்குப் பேய் வேண்டுமா? எந்த இடம், எந்தக் கட்டிடம் என்று குறித்து வைத்ததால், 160 வருஷங்களுக்கு மேலாகியும் அந்தப் படங்கள் சரித்திரத்துக்குச் சாட்சியாய் நிற்கின்றன.

அழகை ரசிக்கக் கூடாதா என்று கேட்பீர்களானால், தாராளமாய் ரசியுங்கள் என்கின்றோம். காரணம் தெரிந்ததால் ராமனுக்குக் கடல் அழகு குறைந்து போய்விடவில்லை. சிலந்தி வலையில் வெயில் பட்டு வர்ணம் தெறிப்பதைப் பார்க்க, அந்தச் சிலந்தி மறு ஜென்மத்தில் ராஜாவாக வேண்டியதில்லை.

ஆதலால், காமிரா பிடிக்கும் வாலிபத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுவே: படத்தின் கீழே இடத்தையும் நேரத்தையும், வெளிச்சம் எந்த ஓட்டை வழியாக வந்தது என்பதையும், கண்ணை எத்தனை விநாடி திறந்து வைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். அந்தச் சுவர் வெடித்திருந்தால் வெடிப்பையும் ஒரு படம் எடுத்து முனிசிபாலிட்டிக்கோ பஞ்சாயத்துக்கோ அனுப்புங்கள். நீங்கள் இரண்டு வரி எழுதாமல் விட்ட இடத்தில்தான் மூன்றாவது வரியைப் பூசாரி எழுதுகிறான்; நாலாவது வரியாக உண்டியல் வந்து உட்காருகின்றது. வெளிச்சத்தைப் பிடித்துக் காட்டுகிறவன் இருட்டுக்குத் தரகனாக இருக்கலாமா என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள்.