மன்றத்திலே துப்பாக்கிக்கு என்ன வேலை?

மக்கள் மன்றத்துக்கு மனுவோடு வரலாம். மாற்றுக் கருத்தோடு வரலாம். ஏன், கோபத்தோடும் வரலாம். துப்பாக்கியோடு வரலாமா? வரலாம் என்றுதான் இருந்தது, ஜனநாயகத்தின் காவலர் நாங்களே என்று மார்தட்டும் அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில்!

2020 ஏப்ரல் 30. கொரோனா ஊரடங்கை எதிர்த்துத் திரண்ட கூட்டத்தில் ஒரு பகுதியினர், நீண்ட துப்பாக்கிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு லான்சிங் நகரச் சட்டமன்றக் கட்டடத்துள் நுழைந்தனர். மேல்மாடத்தில் அவர்கள் நிற்க, கீழே உறுப்பினர் சிலர் குண்டு துளைக்காத அங்கியோடு அமர்ந்து அலுவல் பார்த்தனர். காவலர் தடுக்கவில்லை, தடுக்க விதியில்லை. வேடிக்கையைக் கேளுங்கள்: கோரிக்கை எழுதிய அட்டையை ஏந்தி உள்ளே வரத் தடை இருந்தது. துப்பாக்கிக்குத் தடை இல்லை!

ஒரு குண்டும் வெடிக்கவில்லையே என்று வாதாடுகிறார்கள். வெடித்தால்தான் ஆபத்தா? வாக்களிக்கும் உறுப்பினர் மேல்மாடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வாக்களிக்க நேர்ந்தால், அது மக்கள் தந்த வாக்கா, துப்பாக்கி வாங்கிய வாக்கா?

வெடித்த கதையும் உண்டு. 2008 பிப்ரவரியில் மிசௌரி மாநிலத்துக் கர்க்வுட் நகரசபைக் கூட்டத்தில் புகுந்த ஒருவன் உறுப்பினர்களைச் சுட்டுக் கொன்றான். 2011 ஜனவரியில் டூசான் நகரில் தொகுதி மக்களைச் சந்தித்த காங்கிரஸ் சபை உறுப்பினர் கேபிரியேல் கிஃபர்ட்ஸ் தலையில் குண்டு பாய்ந்தது. அவர் பிழைத்தார், ஆறு பேர் மாண்டனர்.

ஆயுதம் ஏந்துவது அரசியல் சட்டம் தந்த உரிமை என்கிறார்கள். இருக்கட்டும். அந்த உரிமையை விரிவாக்கிய 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே, சட்டமன்றம், வாக்குச்சாவடி, நீதிமன்றம் ஆகிய இடங்களில் ஆயுதத்தைத் தடுக்கலாம் என்பதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டதே!

தடை போடத் தெரியாதவர்களா அவர்கள்? 1967 மே மாதம் கருஞ்சிறுத்தைக் கட்சியினர் துப்பாக்கியோடு கலிபோர்னியா சட்டமன்றக் கட்டடத்துள் நடந்தனர். பொது இடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கி ஏந்தக் கூடாது என்னும் சட்டத்தில் ஆளுநர் ரீகன் ஜூலை மாதமே கையெழுத்திட்டார். ஏந்தியவர் கறுப்பர் என்றதும் மூன்று மாதத்துக்குள் சட்டம் பிறந்தது!

மிச்சிகனிலோ, 2021 ஜனவரி 6 அன்று தலைநகர் வாஷிங்டனில் நாடாளுமன்றமே தாக்கப்பட்ட பிறகுதான், சில நாட்களில், வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தி வருவதற்குத் தடை வந்தது. உரிமம் பெற்று மறைத்துக் கொண்டுவருவதைத் தடுக்க 2023 வரை காத்திருந்தார்கள். அப்போதும் உரிமம் பெற்ற உறுப்பினர்களுக்கு விலக்கு! மக்களுக்கு ஒரு நீதி, மன்றத்தாருக்கு ஒரு நீதியா?

வாஷிங்டன் மாநிலம் 2021இல் சட்டமன்ற வளாகத்தோடு நில்லாமல், பொது ஆர்ப்பாட்டங்களிலும் வெளிப்படையாக ஆயுதம் ஏந்துவதைத் தடுத்தது. அதுவே நேரிய வழி. மன்றம் மட்டுமல்ல, மக்கள் கூடும் மைதானமும் பேச்சுக்குரிய இடமே.

அரசாங்கக் கட்டடமாயினும் பொதுக்கூட்டமாயினும், அங்கே ஏழையின் சொல்லுக்கும் செல்வனின் சொல்லுக்கும் ஒரே எடை. அந்தத் தராசில் துப்பாக்கியை வைத்தால் தட்டு எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? உறுப்பினராயினும் ஊராராயினும் ஆயுதத்தை வாசலுக்கு வெளியே விட்டு வரட்டும், வாதத்தால் வெல்லட்டும்!